கார் இன்சூரன்ஸ் திரையில் எந்த டிக் யாருக்காக?

புதிதாகக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வாங்கியவர்கள் வீட்டிலிருந்தபடியே செய்து பார்க்கும் வேலைகளில் மின் கட்டணம், ரயில் டிக்கெட் ஆகியவற்றுக்கு அடுத்த இடத்தை இப்போது கார் இன்சூரன்ஸ் புதுப்பித்தல் பிடித்திருக்கிறது. வேலையும் சுலபம்தான். வண்டி எண்ணை டைப் செய்து என்டர் கீயைத் தட்டினால், கம்பெனிகளின் பெயர்கள் விலையோடு வரிசையாகத் திரையில் வந்து நிற்கும். குறைந்த விலை மேலே, கூடிய விலை கீழே. ஒரே காருக்கு ஒன்று நாலாயிரம், இன்னொன்று ஒன்பதாயிரம், மற்றொன்று பதினான்காயிரம் என்று காட்டும்.

பென் டிரைவ் வாங்குவதுபோல மேலே இருப்பதைக் கிளிக் செய்துவிட்டுப் போக முடியாது. காரணம், இந்த மூன்றும் ஒரே பொருள் அல்ல. ஒவ்வொன்றும் வேறு வேறு நபர்களுக்குப் பணம் தரும் ஏற்பாடு. எனவே திரையில் எந்த வரியைப் பார்த்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: விபத்து நடந்தால் இந்தப் பணம் யார் கைக்குப் போகும்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் பாலிசியில் பாதி புரிந்துவிட்டது எனலாம்.

நாலாயிரம் ரூபாய் பாலிசி

பட்டியலில் மேலே இருப்பது பெரும்பாலும் தேர்ட் பார்ட்டி பாலிசியாக இருக்கும். பெயரே விளக்கம். முதல் நபர் நீங்கள், இரண்டாம் நபர் இன்சூரன்ஸ் கம்பெனி, மூன்றாம் நபர் உங்கள் காரால் பாதிக்கப்பட்ட மற்றவர். உங்கள் கார் இடித்து ஒருவர் இறந்தாலோ காயமடைந்தாலோ மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் நிர்ணயிக்கும் இழப்பீட்டைக் கம்பெனி தரும். இதற்கு உச்சவரம்பு கிடையாது. அடுத்தவரின் வண்டி, கடை, சுற்றுச்சுவர் போன்ற சொத்துகளுக்கு ஏற்படும் சேதத்திற்கு வழக்கமான கார் பாலிசியில் 7.5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். உங்கள் காரின் சேதத்திற்கு இதில் ஒரு ரூபாயும் வராது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு இந்தப் பாலிசியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இது இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால், 2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும். அபராதம்கூடப் பெரிதில்லை. விபத்தில் யாராவது இறந்துவிட்டால் தீர்ப்பாயம் சொல்லும் லட்சங்களை உங்கள் வீட்டையும் நிலத்தையும் விற்றுத்தான் கட்ட வேண்டியிருக்கும்.

இதன் விலையை கம்பெனிகள் முடிவு செய்வதில்லை, அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 அன்று அமலுக்கு வந்த கட்டணப்படி, தனியார் காருக்கு 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1000 முதல் 1500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். கூடவே 18 சதவீத ஜிஎஸ்டி. 1200 சிசி காருக்கு வரியுடன் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 4,031 ரூபாய். ஆகவே தேர்ட் பார்ட்டி மட்டும் வாங்குபவர் பத்து தளங்களில் விலையை ஒப்பிட்டுப் பார்ப்பது வீண் வேலை. அரசு விலைக்குக் கீழே யாராவது தருவதாகச் சொன்னால், அது போலிப் பாலிசியோ என்று சந்தேகப்படவும்.

இரண்டு காலாவதித் தேதிகள்

புதுக் கார் வாங்கியவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்கவும். 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருட தேர்ட் பார்ட்டி பாலிசியை ஷோரூமிலேயே எடுத்தாக வேண்டும். இதற்குக் காரணம் கோவையிலிருந்து போன ஒரு வழக்கு. கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில், உச்சநீதிமன்றம் 2018 ஜூலையில் இந்த உத்தரவைப் பிறப்பித்தது. முதல் வருடம் முடிந்ததும் பலர் பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவதே இதன் பின்னணி.

ஆனால் உங்கள் சொந்தக் காரின் சேதத்திற்கான ஓன் டேமேஜ் பகுதி பெரும்பாலும் ஒரு வருடத்திற்கு மட்டுமே எடுக்கப்படுகிறது. அதாவது ஒரே பிடிஎஃப் பைலில் இரண்டு காலாவதித் தேதிகள் இருக்கும். முதல் பக்கத்தில் மூன்று வருடம் கழித்து வரும் தேதியைப் பார்த்துவிட்டு, இன்னும் காலம் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. அரசின் பரிவாஹன் தளத்தில் உங்கள் வண்டிக்கு இன்சூரன்ஸ் உள்ளது என்று காட்டினாலும், அது சட்டத்திற்குத் தேவையான தேர்ட் பார்ட்டியைப் பற்றியதாக மட்டும் இருக்கலாம். இரண்டாம் வருடம் தனி ஓன் டேமேஜ் பாலிசியை எடுக்க வேண்டும். 2019 செப்டம்பர் முதல் இதைத் தனியாகவும், வேறு கம்பெனியிலும் வாங்கலாம்.

உங்கள் காருக்கு

ஓன் டேமேஜ் என்பது விபத்து, தீ, திருட்டு, வெள்ளம், புயல், நிலநடுக்கம், கலவரம் ஆகியவற்றால் உங்கள் காருக்கு வரும் சேதத்தைப் பார்த்துக்கொள்வது. இதுவும் தேர்ட் பார்ட்டியும் சேர்ந்ததைத்தான் காம்ப்ரிஹென்சிவ் அல்லது பேக்கேஜ் பாலிசி என்கிறார்கள். இந்தப் பகுதிக்குக் கம்பெனிகள் தாங்களாகவே விலை வைப்பதால், விலையை ஒப்பிடுவதற்கு இங்கே அர்த்தம் இருக்கிறது.

திரையில் ஐடிவி என்று ஒரு தொகையும், அதன் கீழே மவுஸால் இழுக்கும் ஸ்லைடரும் இருக்கும். கார் திருடு போனாலோ, பழுது பார்க்கும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினாலோ உங்களுக்குக் கிடைக்கும் தொகைக்கு அடிப்படை இதுதான். காரின் ஷோரூம் விலையிலிருந்து வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்து இதைக் கணக்கிடுகிறார்கள். ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. அதற்குப் பிறகு நீங்களும் கம்பெனியும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகை. ஷோரூமில் 7 லட்சமாக உள்ள மாடல், நான்காம் வருடத்தில் 4.2 லட்சம் என்று வரும்.

ஸ்லைடரை இடதுபக்கம் இழுத்து 3.5 லட்சம் ஆக்கினால் பிரீமியம் சில நூறு ரூபாய் குறையும். கார் திருடு போனால் 70,000 ரூபாய் போகும். சில தளங்கள் உங்களைக் கேட்காமலேயே குறைந்த ஐடிவியை வைத்து, விலை மலிவு என்று காட்டுகின்றன. இரண்டு கம்பெனிகளை ஒப்பிடும்முன் இரண்டிலும் ஐடிவி ஒன்றுதானா என்று பாருங்கள்.

பில் 41,000, கிடைப்பது எவ்வளவு?

சாதாரண பேக்கேஜ் பாலிசி முழு பில்லையும் கொடுக்காது. உதிரி பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்கும். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் என்றால் காரின் வயது எதுவானாலும் 50 சதவீதம் கழிவு. ஃபைபர் பாகங்களுக்கு 30. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. இரும்புத் தகடுகளுக்குக் காரின் வயதைப் பொறுத்தது.

இரண்டரை வயதான 1200 சிசி கார் ஒன்று முன்பக்கம் இடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பம்பர் 12,000 ரூபாய். அது பிளாஸ்டிக் என்பதால் 6,000 கிடைக்கும். பானெட், ஃபென்டர் சேர்த்து 10,000. இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள் இரும்புக்கு 15 சதவீதம் கழிவு, எனவே 8,500. முன்கண்ணாடி 6,000, முழுதும் கிடைக்கும். பெயின்டிங் 8,000. அதில் கால் பங்கு பெயின்ட் விலை என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், ஆக 7,000. கூலி 5,000, முழுதும். மொத்தம் 32,500. இதிலிருந்து கட்டாயக் கழிவாக 1500 சிசி வரையுள்ள கார்களுக்கு 1,000 ரூபாய் போகும், அதற்கு மேல் என்றால் 2,000. கடைசியில் கைக்கு வருவது 31,500. பில் 41,000. மீதி 9,500 உங்கள் பாக்கெட்டிலிருந்து.

இந்தக் கழிவை நீக்குவதுதான் ஜீரோ டெப் என்ற ஆட்-ஆன். பம்பர் டு பம்பர் என்றும் சொல்வார்கள். மேலே சொன்ன அதே பில்லில் ஜீரோ டெப் இருந்தால் நீங்கள் தருவது 1,000 மட்டுமே. இன்றைய கார்களில் பம்பர், கண்ணாடிக்கூடு, லைட் உறை என்று வெளியே தெரிவதில் பெரும்பகுதி பிளாஸ்டிக் என்பதால், ஐந்து வயதுக்குட்பட்ட காருக்கு இந்த டிக் பணத்திற்குத் தகுந்தது என்பது என் கருத்து. பல கம்பெனிகள் வருடத்திற்கு இத்தனை கிளெய்ம்தான் என்று கணக்கு வைத்திருக்கின்றன. வாங்கும்முன் அதைப் படித்துவிடவும்.

தண்ணீரில் நின்ற கார்

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்தபோதும் நிறையப் பேர் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. வெள்ளச் சேதம் பேக்கேஜ் பாலிசியில் அடக்கம். சீட், கார்பெட், ஒயரிங் எல்லாம் கிளெய்ம் செய்யலாம். எஞ்சின் விஷயம் வேறு.

எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலே வரும்போது காற்றை அழுத்துகிறது. காற்று அழுத்தத்திற்குச் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்போது சாவியைத் திருப்பினால், மேலே போக முடியாத பிஸ்டன் அதைத் தாங்கும் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். எஞ்சின் பிளாக்கே உடைவதும் உண்டு. இதை ஹைட்ரோஸ்டாட்டிக் லாக் என்கிறார்கள். இப்போது கம்பெனி சொல்வது என்ன? "எஞ்சினை உடைத்தது வெள்ளம் அல்ல, நீங்கள் ஸ்டார்ட் செய்தது. இது நேரடிச் சேதம் அல்ல, பின்விளைவுச் சேதம்." சாதாரணப் பாலிசியில் பின்விளைவுச் சேதம் அடங்காது.

மிக்ஜாமின்போது என்னோடு வேலை பார்ப்பவரின் கார் அடுக்குமாடியின் தரைத்தளப் பார்க்கிங்கில் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் ஓடுகிறதா என்று பார்க்கலாம் என ஒருமுறை ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். உள்ளலங்காரத்திற்குப் பணம் வந்தது, எஞ்சினுக்கு வரவில்லை. அவர் வருடந்தோறும் தவறாமல் பிரீமியம் கட்டியவர். திரையில் எஞ்சின் புரொடெக்ட் என்ற பெட்டி டிக் இல்லாமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எஞ்சின் புரொடெக்ட் ஆட்-ஆன் இருந்தால் இந்தச் செலவு கிடைக்க வழி உண்டு. தாழ்வான பகுதியிலும் கடற்கரை மாவட்டங்களிலும் இருப்பவர்கள் யோசிக்காமல் டிக் செய்யலாம். மேட்டுப் பகுதியில், மழை தேங்காத தெருவில் இருப்பவருக்கு அவ்வளவு அவசரமில்லை. ஆட்-ஆன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யக் கூடாது. தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, கம்பெனிக்குத் தகவல் கொடுத்து, கட்டி இழுத்துத்தான் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போக வேண்டும்.

மற்ற ஆட்-ஆன்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கார் திருடு போனால் ஐடிவிக்குப் பதிலாகப் பில் விலையைத் தரும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ், புதுக் காருக்கும் கடனில் வாங்கிய காருக்கும் நல்லது. எஞ்சின் ஆயில், நட்டு, போல்ட் விலையைத் தரும் கன்ஸ்யூமபிள்ஸ் மலிவாக இருந்தால் எடுக்கலாம். சாவி தொலைந்தால் பணம், காரில் வைத்த பை தொலைந்தால் பணம் என்பதெல்லாம் என் கணக்கில் அவசியமில்லாதவை.

காருக்குள் இருப்பவர்கள்

இதுவரை அடுத்தவரையும் காரையும் பார்த்தோம். காருக்குள் உட்கார்ந்திருக்கும் நம் வீட்டார்? இந்த இடம்தான் பலருக்கும் தெரியாதது.

தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள தனியார் காரில் பயணம் செய்பவர்கள் சட்டத்தின் பார்வையில் மூன்றாம் நபர்கள் அல்ல. உங்கள் கார் மரத்தில் மோதி, பின்சீட்டில் இருந்த உங்கள் மாமா காயமடைந்தால், அந்தப் பாலிசியிலிருந்து அவருக்கு இழப்பீடு கேட்க முடியாது. பேக்கேஜ் பாலிசி என்றால் காரில் வருபவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்று ஐஆர்டிஏ 2009-ல் கம்பெனிகளுக்குத் தெளிவுபடுத்தியது. 2012-ல் உச்சநீதிமன்றமும் இந்த வேறுபாட்டை உறுதி செய்தது. பழைய கார்தானே என்று தேர்ட் பார்ட்டியோடு நிறுத்திக்கொண்டு, குடும்பத்தோடு திருச்செந்தூருக்கும் பழனிக்கும் போய்வருபவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். காருக்கு மதிப்பு குறைந்திருக்கலாம், உள்ளே இருப்பவர்களுக்குக் குறையவில்லை.

2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் இதே பிரச்சினை உள்ள ஒரு வழக்கில், புது வாகனங்களுக்கு ஐந்து வருட "பம்பர் டு பம்பர்" பாலிசி கட்டாயம் என்று உத்தரவிட்டு, நடைமுறைச் சிக்கல்களால் செப்டம்பரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த உத்தரவில் அந்தச் சொல் ஓட்டுநர், பயணிகள், உரிமையாளர் அனைவருக்கும் பாதுகாப்பு என்ற பொருளில் வந்தது. சந்தையில் அதே சொல்லுக்குப் பொருள் ஜீரோ டெப். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஜீரோ டெப் வாங்கியதால் பயணிகளுக்கு எதுவும் கூடுதலாகக் கிடைக்காது.

காரை ஓட்டும் உரிமையாளருக்கென்று சிபிஏ என்ற கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. முன்பு காருக்கு இது 2 லட்சமாக இருந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பு ஒன்றைத் தொடர்ந்து 2018-ல் 15 லட்சமாக உயர்ந்தது. உயிரிழப்புக்கும் நிரந்தர முழு ஊனத்திற்கும் முழுத் தொகை, ஒரு கையோ ஒரு கண்ணோ போனால் பாதி. வீட்டில் இரண்டு வண்டி இருந்தாலும் ஒருவருக்கு ஒரு சிபிஏ போதும். ஏற்கெனவே 15 லட்சத்திற்குத் தனி விபத்துக் காப்பீடு இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லலாம். பிரீமியத்தைக் குறைப்பதற்காக மட்டும், "எனக்கு ஏற்கெனவே உள்ளது" என்ற பெட்டியைப் பொய்யாக டிக் செய்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் நஷ்டம் குடும்பத்திற்கு.

சிபிஏ ஆர்சி புத்தகத்தில் பெயர் உள்ளவருக்கு மட்டுமே, அவரிடம் செல்லுபடியாகும் லைசென்சும் இருக்க வேண்டும். அப்பாவின் பெயரில் உள்ள காரை மகன் ஓட்டினால் மகனுக்கு இது வராது. அதற்குப் பயணிகளுக்கான விபத்துக் காப்பீட்டையும் ஓட்டுநருக்கான காப்பீட்டையும் தனியாகச் சேர்க்க வேண்டும். சம்பளத்திற்கு டிரைவர் வைத்திருப்பவர்கள் "பெய்டு டிரைவர்" பெட்டியை விட்டுவிட வேண்டாம். வழக்கமாக இதற்கு 50 ரூபாய்தான்.

கேள்விக்கு முன்பே பதில்

படிவத்தில் "போன வருடம் கிளெய்ம் செய்தீர்களா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்பது முன்பே தேர்வு செய்யப்பட்டிருக்கும். இந்தப் பதிலை வைத்துத்தான் நோ கிளெய்ம் போனஸ் தருகிறார்கள். கிளெய்ம் இல்லாத முதல் வருடத்திற்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, கடைசியாக 50. இது ஓன் டேமேஜ் பகுதிக்கு மட்டுமே. ஒரு கிளெய்ம் செய்தால் பூஜ்யத்திற்கு இறங்கிவிடும். ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000 ரூபாய் என்றால், 50 சதவீதத்தில் இருப்பவர் கட்டுவது 4,000. கிளெய்முக்குப் பிறகு 8,000. அடுத்தடுத்த வருடங்களிலும் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். எனவே 3,000 ரூபாய் கீறலுக்கு கிளெய்ம் செய்வது நஷ்டம்.

கிளெய்ம் செய்துவிட்டு "இல்லை" என்பதை அப்படியே விட்டால், புதுக் கம்பெனி பழைய கம்பெனியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும். பிரச்சினை உங்களுக்குப் பணம் தேவைப்படும் நாளில் வெடிக்கும். பழைய கார் வாங்கியவர்களுக்கு இன்னொன்று: போனஸ் காருக்கு உரியது அல்ல, உரிமையாளருக்கு உரியது. முந்தைய உரிமையாளரின் போனஸை நீங்கள் எடுத்துக்கொள்ள முடியாது. காரை விற்பவர் அதைச் சான்றாக வாங்கி, மூன்று வருடத்திற்குள் தன் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். பாலிசி காலாவதியாகி 90 நாள் தாண்டினால் போனஸ் போய்விடும்.

பழைய கார் கைமாறும்போது தேர்ட் பார்ட்டி தானாகவே புது உரிமையாளருக்கு வந்துவிடும். ஓன் டேமேஜ் வராது. 14 நாட்களுக்குள் விண்ணப்பித்துப் பெயர் மாற்ற வேண்டும். ஆர்சி உங்கள் பெயரிலும் பாலிசி பழையவர் பெயரிலும் இருந்தால், காரின் சேதத்திற்கு கிளெய்ம் கேட்டு அலைய வேண்டியதுதான்.

பணம் கட்டிய பிறகு

எஸ்எம்எஸ்ஸில் வரும் லிங்கைக் கிளிக் செய்து பணம் கட்டாதீர்கள். கம்பெனியின் முகவரியை பிரவுசரில் நீங்களே டைப் செய்யுங்கள். பிடிஎஃப் வந்ததும் டெஸ்க்டாப்பில் போட்டுவிட்டு மறக்காமல் ஒரு காப்பியை மெயிலிலும் ஒன்றை மொபைலிலும் வைக்கவும். டிஜிலாக்கரிலோ எம்-பரிவாஹன் செயலியிலோ உள்ள பாலிசியைப் போலீசாரிடம் காட்டலாம். 2018-ல் விதி திருத்தப்பட்ட பிறகு தாளில்தான் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சில நாட்கள் கழித்துப் பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து, கம்பெனியின் பெயரும் தேதியும் ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் பாலிசி போலியா என்பதும் தெரிந்துவிடும்.

பிடிஎஃப்பைத் திறந்து எஞ்சின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் ஆர்சியோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பூஜ்யமும் ஆங்கில ஓ எழுத்தும் இடம் மாறுவது சகஜம். சிஎன்ஜி கிட் பொருத்தியிருந்தால் அதுவும் பதிவாகியிருக்க வேண்டும். தவறு இருந்தால் உடனே மெயில் அனுப்பி என்டார்ஸ்மென்ட் கேட்கவும். திருத்திய பாலிசி வந்ததும் பழைய பைலை அழித்துவிடவும், இரண்டும் ஒரே போல்டரில் இருந்தால் அவசரத்தில் தவறானதைத்தான் பிரின்ட் எடுப்போம்.